நூற்று எண்பது மீட்டர்

எங்கள் தெருவின் கழிவுநீர்க் கால்வாய் முருங்கை மரத்தடியில் வந்து நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் மண். அந்த மண்ணின் இருபுறமும் பதினாறு வீடுகள், பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களுடையவை. அவற்றில் முதல் வீடு என்னுடையது. முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

2021 நவம்பர் மழையை வடமாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பள்ளிகள் அந்த மாதம்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தன. சீருடை ஆர்டர் குவிந்திருந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல்தெருவின் சாக்கடை நீர் முழுவதும் கால்வாய் வழியாக ஓடிவந்து, கால்வாய் முடிந்த இடத்தில் பரந்து, எங்கள் வாசற்படி ஏறியது. வெட்டி வைத்திருந்த நாற்பது சட்டைத் துணிகள் கறுத்த நீரில் மிதந்தன. பின்வீட்டில் பத்து நாள் பிள்ளையோடு இருந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள்.

விடிந்ததும் கால்வாயின் தொடக்கத்துக்குப் போனேன். அங்கே சிமெண்டில் மஞ்சள் அடித்து எழுதியிருந்த பலகையைப் பல முறை கடந்து போயிருக்கிறேன், நின்று படித்தது அன்றுதான். வேலையின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை. அதன் கீழே: நீளம் 180 மீ.

அளந்து பிழைக்கிறவள் நான். அந்தக் கால்வாயைப் பார்த்ததும் 180 இல்லை என்று கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் மேஸ்திரி அண்ணனிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கி, என் மகள் ஒரு நுனியைப் பிடிக்க, தலையிலிருந்து கால்வரை அளந்தேன். மூன்று முழு டேப், அதன் பின் 22 மீட்டர். மொத்தம் 112.

வார்டு உறுப்பினரிடம் சொன்னேன். "பார்க்கலாம் அக்கா" என்றார். டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: மேற்படி பணி முழுமையாக முடிக்கப்பட்டுள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தைவிட அந்த வரி என்னை அதிகம் சுட்டது. இல்லாத 68 மீட்டரை இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதை வந்து பார்க்காமலே இன்னொருவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஆர்டிஐ என்று சுருக்கமாகச் சொல்லும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி எனக்கு அவர்தான் சொன்னார். 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். விண்ணப்பத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் வேர் ராஜஸ்தான் கிராமங்களில் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பின் துணையோடு, அங்கே கூலி வேலை செய்தவர்கள் வருகைப் பட்டியலையும் செலவு ரசீதுகளையும் காட்டு என்று கேட்டார்கள். ஊர் நடுவில் பந்தல் போட்டு அந்தக் கணக்குகளை உரக்கப் படித்தார்கள். 1996இல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். ஏட்டுக் கணக்கையும் நேரில் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். நான் டேப் பிடித்ததும் அதற்காகத்தான் என்று தெரிந்தபோது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

பொங்கல் முடிந்து முதல் விண்ணப்பம் எழுதினேன். கோபம் ஆறாமல் எழுதியது. பதினோரு கேள்விகள். ஏன் கால்வாய் பாதியில் நின்றது? யார் பொறுப்பு? எங்கள் வீடுகள் மட்டும் எப்படி விடுபட்டன? பிப்ரவரியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: வினா வடிவில் இருப்பதால் தகவல் வழங்க இயலாது.

ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆசிரியர் ஐயா அப்படியில்லை என்றார். இந்தச் சட்டப்படி தகவல் என்றால் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணம். "ஏன்" என்பதற்கு விளக்கம் எழுதித் தரச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் சொன்ன ஒன்றை இன்றும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "நீ தேடுகிற பதில் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசி அம்மா. அந்தப் பதிவேட்டைக் கேள்."

இதுதான் எனக்குக் கடினமான பாடம். அடுத்த மூன்று வாரம் கால்வாய் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் மதிப்பீடு தயாராகும். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை. வேலை நடந்ததும் ஓவர்சியர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எல்லாரும் அதை எம் புக் என்கிறார்கள். அதில் எழுதிய அளவுக்குத்தான் பணம். ஆக, 68 மீட்டர் காணாமல் போன இடம் எங்கள் தெரு அல்ல, அந்தப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கம்.

மார்ச் மாதம் இரண்டாவது விண்ணப்பம். கேள்விக்குறியே இல்லை. நான்கு வரிகள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், பில் நகல், அளவுப் புத்தகத்தை நேரில் பார்வையிட அனுமதி. ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பினேன். பார்வையிடும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. இது பலருக்குத் தெரியாது.

முப்பது நாள் கடந்தது, பதில் இல்லை. முப்பத்திரண்டாம் நாள் முதல் மேல்முறையீடு அனுப்பினேன். அதற்குக் கட்டணம் கிடையாது. கெடு தாண்டிவிட்டதால் நகல்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுக்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று. ஜூன் மாதம் மேல்முறையீட்டு அலுவலர் ஆவணங்களைத் தரச்சொல்லி உத்தரவிட்டார்.

இடையில் ஊரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். என் மாமியார் "ஊரோடு ஒத்து வாழ வேண்டும் அம்மா" என்று தினமும் சொன்னார். என் கணவரின் சித்தப்பா வீட்டுக்கே வந்து, "கேள்வி கேட்கிற தெருவுக்கு எந்த அதிகாரி வேலை ஒதுக்குவான்? இருப்பதும் போய்விடும்" என்றார். மேல்தெருவில் நான்கு வீட்டார் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். இரவில் போன் வந்து பேசாமல் துண்டிக்கப்படும். அந்த நாட்களில் புனேயைச் சேர்ந்த சதீஷ் ஷெட்டியை நினைத்துக்கொள்வேன். நில மோசடிகளை இந்தச் சட்டத்தின் வழியே வெளிக்கொண்டு வந்தவர், 2010 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். நான் கேட்டது ஒரு சாக்கடையின் நீளம். பெரியதைக் கேட்டவர்கள் எதைச் சுமந்து நடந்திருப்பார்கள் என்று அப்போது புரிந்தது.

சித்தப்பா சொன்னதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. கேள்விகளால் வேலை முடங்குவது உண்டு. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரரிடம் பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒரு நேர்மையான கேள்வியின் மதிப்பையும் அவர்கள் குறைத்துவிடுகிறார்கள்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை ஒன்றிய அலுவலகத்தில் எம் புக்கைப் பார்த்தேன். நீளமான புத்தகம், பச்சை அட்டை, முதுகில் துணி ஒட்டியது. என்னை அமரவைத்த பெண் ஊழியரின் மேசையில் கோப்புகள் கழுத்து உயரம் இருந்தன. அவர் ஒருவரே பல ஊராட்சிகளின் கோப்புகளைப் பார்க்கிறார். பக்கம் புரட்டினேன். நீளம், அகலம், உயரம், அளவு என்று கட்டங்கள். நீளக் கட்டத்தில் 180. அதில் 1 நீல மை. 80 அதே நீலம்தான், ஆனால் அழுத்தம் வேறு. எட்டின் அடியில் காகிதம் சுரண்டப்பட்டு மெலிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். துணியில் பிரித்துத் தைத்த இடம் கைக்குத் தெரிவதுபோலத் தெரிந்தது. பக்கத்தின் அடியில் மூன்று கையெழுத்துகள்.

நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, இளைஞர் ஒருவர் பின்னால் வந்தார். அந்த ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓவர்சியர். அந்தக் கையெழுத்துகளில் அவருடையது இல்லை. தணிந்த குரலில், "நீங்கள் இதை விடாதீர்கள் அம்மா" என்றார். "எங்களையும் கூட்டிப் போடச் சொல்வார்கள். முடியாது என்றால் இடமாற்றம். இப்போது நான் 'அந்த ஊரில் ஆர்டிஐ வருகிறது சார், மாட்டிக்கொள்வோம்' என்று சொல்கிறேன். விட்டுவிடுகிறார்கள்."

கேள்வி கேட்பது அதிகாரிகளுக்கு எதிரான காரியம் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். வெளியிலிருந்து ஒருவர் கேட்பதால்தான் உள்ளே இருக்கும் நேர்மையானவருக்கு முடியாது என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. நாம் வாய் மூடியிருந்தால் அவர் தனியாக நிற்கிறார். சமுதாயத்துக்கு இதனால் என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த இளைஞரின் முகத்தைத்தான்.

நகல் கையில் இருந்தது. அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனேன். கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முதலில் வாங்கிவிடுவார்கள், தீர்மானங்களைப் பிறகு எழுதுவார்கள். நாங்கள் பதினாறு வீட்டிலிருந்தும் இருபத்து மூன்று பேர் போயிருந்தோம், பெரும்பாலும் பெண்கள். தீர்மானம் எழுதிப் படித்த பிறகே கையெழுத்து என்று சொல்லிவிட்டோம். சத்தம் எழுந்தது. ஆசிரியர் ஐயா எழுந்து உத்திரமேரூர் கல்வெட்டைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையைத்தான் எல்லாரும் பெருமையாகப் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று அதே கல்லில் இருக்கிறது. "ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பெண் கேட்பதில் என்ன குற்றம்?" என்றார்.

நான் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. நகலை உயர்த்திக் காட்டி, புத்தகத்தில் 180, தெருவில் 112, இப்போதே வாருங்கள் அளக்கலாம் என்றேன். டேப்பும் கொண்டு போயிருந்தேன். கூட்டத்தை மேற்பார்வையிடப் பற்றாளராக வந்திருந்த அலுவலர் எழுந்து வந்தார். பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்தது. முருங்கை மரத்தடியில் டேப்பின் நுனியைப் பிடித்திருந்தவர், எனக்குத் துணி கொடுப்பதை நிறுத்திய மேல்தெரு அண்ணிகளில் ஒருவர். 112 என்று அவரே உரக்கச் சொன்னார். மறு அளவீடு செய்ய வேண்டும் என்ற தீர்மானம் எங்கள் கண் முன்னே எழுதப்பட்டது. அதன் பிறகு கையெழுத்திட்டோம்.

2023 மார்ச்சில் மீதி 68 மீட்டர் கட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் மழையில் தண்ணீர் எங்கள் வாசலைக் கடந்து ஏரிக்காலில் போய் விழுந்ததை, பின்வீட்டுப் பெண்ணும் நானும் குடை பிடித்து நின்று பார்த்தோம். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

ஆனால் அந்த எட்டைச் சுரண்டித் திருத்தியவர் யார், கூடுதலாகக் கொடுத்த பணம் வசூலிக்கப்பட்டதா என்பதற்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. நடவடிக்கைக் கோப்பின் நகல் கேட்டேன். விசாரணை நிலுவையில் இருப்பதால் தர இயலாது என்றார்கள். விசாரணையைத் தகவல் எப்படிக் கெடுக்கும் என்று அவர்கள் காட்ட வேண்டும், வெறும் நிலுவை போதாது என்று மேல்முறையீட்டில் எழுதினேன். நாற்பத்தைந்து நாளிலும் பதில் வரவில்லை. இதற்கிடையில் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தித் தனிநபர் தகவலுக்கான விலக்கை அகலமாக்கியிருக்கிறது. வருகைப் பட்டியலில் இருக்கும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் தனிநபர் தகவல்தான் என்று நாளை ஓர் அலுவலர் சொல்லிவிட்டால், ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் பந்தலில் படித்த அந்தப் பட்டியலை நம்மால் வாங்க முடியுமா? இந்தக் கவலையை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீட்டைத் தொண்ணூறு நாள் கெடுவுக்குள் அனுப்பிவிட்டேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. தையல் மேசையின் இழுப்பறையில், அந்த எம் புக் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பக்கத்து ஊர்களிலிருந்தும் சிலர் வருகிறார்கள். ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, ஏரி ஆக்கிரமிப்பு. கோபத்தோடு பேசத் தொடங்குவார்கள். பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, இது எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் என்று கேட்பேன்.