1956ஆம் ஆண்டுக்கு ஏற்ற அழுக்கு

என்னுடைய எச்ஓ அளவு (அசலில் 87இல் ஒரு பங்கு) மாதிரி ரயில்பாதை, அமெரிக்காவில் நீராவி எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் ஒரே யார்டில் நின்ற 1956ஆம் ஆண்டைக் காட்டுவது. கட்டடங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குரிய புகையேறி நிற்க, சரக்கு வேகன்கள் மட்டும் கடையிலிருந்து வந்த பளபளப்போடு ஓடியது கண்ணை உறுத்தியது. ஆகவே இரண்டு பாக்ஸ் கார்களையும் (நாற்புறமும் மூடிய சரக்கு வேகன்கள்) ஒரு நிலக்கரி ஹாப்பரையும் (அடிவழியாகக் கொட்டும் திறந்த வேகன்) எடுத்துக்கொண்டு, ஓடிப் பழகிய வேகன்களாகத் தெரியும்படி அழுக்கேற்றும் வேலையை ஆறு வாரங்களாகச் செய்து வருகிறேன்.

முதல் பாக்ஸ் காரில் செய்த தவறு வண்ணத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. புல்மன்-ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947இல் தயாரிக்கத் தொடங்கிய நாற்பதடி பிஎஸ்-1 வகை வேகன் அது. பக்கச்சுவரில் 1948இல் கட்டப்பட்டதாக எழுதியிருக்கிறது. நானோ 1980களின் வண்ணப்படங்களைப் பார்த்து, கதவின் கீழும் ரிவெட் வரிசையிலும் துருவை வழியவிட்டிருந்தேன். எட்டு வயது வேகனுக்கு முப்பது வருடத் துரு எங்கிருந்து வரும்? அத்தனையையும் டர்பன்டைனால் துடைத்தெடுத்துவிட்டு, செங்காவி நிறத்தோடு வெள்ளையும் சாம்பலும் சிறிது கலந்து, மிகவும் நீர்க்க ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) ஒரு பூச்சு மட்டும் கொடுத்தேன். எழுத்துகளின் வெண்மையும் சேர்ந்து மங்கியதால், வெயிலில் வெளிறிய தோற்றம் அந்த ஒரே பூச்சில் கிடைத்துவிட்டது.

கூரைதான் அதிக நேரம் எடுத்தது. துத்தநாகம் பூசிய தகட்டில் பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் செதில் செதிலாக உரிவது வழக்கம் என்பதால், அங்கே துருவுக்குப் பதிலாக வெளிர் சாம்பல் நிறத்தைப் பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றியெடுத்தேன். அதன்மேல் நீராவிக் காலத்தின் கரிப்புகைக்காகக் கருப்பு பாஸ்டல் (வண்ணக்கட்டி) தூளைத் தூரிகையால் தடவினேன்.

இந்த இடத்தில் ஒரு விபத்தும் நடந்தது. பளபளப்பில்லாத மேட் லாக்கர் ஸ்பிரே அடித்த பரப்பின்மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்த கறுப்பு மையை ஓடவிட்டவுடன், கூரை முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போனது. நன்றாகக் காயவிட்டு அதே லாக்கரை மெல்லியதாக மறுபடி அடித்ததும் வெளுப்பு மறைந்தது. கூடவே பாஸ்டல் தூளில் பாதியும் மறைந்தது. அடுத்த வேகனில் மை, லாக்கர், தூள் என்று வரிசையை மாற்றிக்கொண்டேன்.

சக்கரங்களுக்கும் ஆரஞ்சு நிறத் துரு பொருந்தாது. அக்காலச் சரக்கு வேகன்களில் பெரும்பாலானவை எண்ணெயில் ஊறிய பஞ்சு அடைத்த அச்சுப்பெட்டிகளோடு ஓடியவை. கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டிச் சக்கர முகம் கரும்பழுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். தண்டவாளத்தைத் தொடும் விளிம்பை மட்டும் பளிச்சென்று விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அழுக்கேற்றாமல் விட்ட இடம். வெற்று வேகனை அவ்வப்போது மறுபடி எடைபோட்டு, பக்கச்சுவரிலுள்ள பழைய எடை எண்ணின்மேல் புது பெயின்ட் அடித்து, புதிய எடையையும் தேதியையும் எழுதுவார்கள். 1956இன் தேதியுள்ள சிறு டிகால் (எழுத்து அச்சிட்ட ஒட்டுப்படலம்) ஒன்றை, வெளிறாத செங்காவிச் சதுரத்தின்மேல் ஒட்டினேன். மங்கிய சுவரில் அந்தப் புதுச் சதுரம் தெரிந்த பிறகுதான் வேகன் தன் ஆண்டுக்குள் வந்து நின்றது.

இரண்டாவது பாக்ஸ் கார் மரப்பலகைச் சுவர் கொண்ட பழைய வகை. பலகைக்குப் பலகை நிறம் சற்றே மாறவேண்டும் என்பதால், ஆயில் பெயின்ட்டைப் புள்ளிகளாக வைத்து மேலிருந்து கீழாக இழுத்தேன்; ஒரே மாலையில் முடிந்தது.

ஹாப்பரின் வெளிப்புறத்துக்குக் கரித்தூள் பூசியாகிவிட்டது. நிலக்கரி உரசி உரசிப் பெயின்ட் தேய்ந்த உட்புறச் சரிவுகளுக்குப் பழுப்புத் துருவையும், அதன்மேல் பென்சில் கரியால் உலோக மினுமினுப்பையும் கொண்டுவர வேண்டும். அது அடுத்த வார வேலை.