சீதையம்மனுக்கு நேர்ந்த பட்டு

2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் இலங்கை மலையகத்தை உலுக்கிய இரவில் அம்மா நேர்ந்துகொண்டது இது. நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மண் சரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை, போனும் இல்லை. தங்கை கைக்குழந்தையோடு கம்பளையில் இருந்தாள். மாவலி ஆறு கரை தாண்டி ஊருக்குள் ஏறிவிட்டது என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. "தாயே, தண்ணீர்க்கரையில் உட்கார்ந்து அழுதவள் நீ. என் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடாதே. பட்டு கொண்டுவந்து சாத்துகிறேன்" என்று இருட்டில் கைகூப்பி நின்றார் அம்மா. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் தாயையும் பிள்ளையையும் தங்கள் மாடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அது தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சோறு இறங்கியது.

தை வெள்ளியன்று தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேனில் புறப்பட்டோம். றம்பொடை ஏற்றத்தில் சில இடங்களில் மண் முழுதாக அள்ளப்படவில்லை. தேயிலை மலை பிளந்து செம்மண் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு வளைவிலும் "ஆஞ்சநேயா" என்றார். அங்கே ஆஞ்சநேயர் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு, கீழே விரிந்து கிடந்த கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சற்று நேரம் பார்த்தோம். 1985இல் அணை கட்டி முடித்தபோது ஊர்களும் கோயில்களும் தேயிலை மலைகளும் அதற்குள் போயின. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் தண்ணீரைக் காட்டி, இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று இன்னமும் சொல்வார்கள்.

சீதையம்மன் கோயில் இருக்கும் சீத்தாஎலியவில் இறங்கியதுமே கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். அர்ச்சனைத் தட்டுக்கு வாய்க்கு வந்த விலை. "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று ஒருவர் விடாமல் பின்னால் வந்தார். சுற்றுலா பஸ்களில் வந்தவர்கள் சந்நிதியை மறைத்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு தீர்த்தம் வந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. கூடட்டும், அவளுக்குப் பெருமைதான். ஆனால் அழுதுகொண்டு வருகிறவளுக்கு ஒரு நிமிடம் வழிவிடக் கூடாதா? எனக்கு மனம் கொதித்தது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. ஐயர் பட்டை வாங்கி அம்மன் பாதத்தில் வைத்துவிட்டு, பெயர் நட்சத்திரம் கேட்டார். அம்மா தங்கை பெயரைச் சொன்னார், குழந்தை பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்தாமல், எங்கள் லயத்தில் வீடு வீடாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அந்தக் கம்பளை வீட்டுக்காரர்கள் பெயரையும் சொன்னார். ஐயர் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூ விழுந்தது. தீபம் உயர்ந்தபோது ராமர் பக்கத்தில் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். என் கண்ணில் நீர் முட்டி, மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. தாயே என்பது மட்டும் வந்தது.

பின்பக்க ஓடைக்கு இறங்கினோம். அனுமன் பாதம் பதிந்த பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, மஞ்சளும் குங்குமமும் கரைந்து கிடந்தன. அவர் வாலில் வைத்த தீயில் வெந்த மண்தான் எதிர்க்கரையில் கறுத்திருக்கிறது. அம்மா ஒரு கை நீர் அள்ளிக் குழந்தையின் தலையில் தெளித்தார். குளிர் தாங்காமல் அது வீறிட்டு அழ, தங்கை சிரித்துவிட்டாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஓடையும் மலை சுற்றிக் கடைசியில் மாவலியில்தான் சேர்கிறது. பாடப்புத்தகம் மாவலியின் பிறப்பை ஹோட்டன் சமவெளிப் பக்கம் காட்டும். எங்கள் அம்மாயி, சிவனொளிபாத மலையில் ஈசன் திருவடியில் பிறந்தவள் என்பார். கம்பளை, பேராதனை, கண்டி என்று வளைந்து, பொல்கொல்லை அணையில் ஒரு பங்கை வறண்ட நாட்டு வயல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, 335 கிலோமீற்றர் நடந்து கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறாள். அங்கே திருகோணமலையில் கோணேசர் இருக்கிறார். அந்த இரவில் ஊருக்குள் ஏறி வந்தவளும் இவள்தான், எங்கள் பிள்ளையை விட்டுவைத்தவளும் இவள்தான். இவளைக் கோபிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

மண்ணுக்குள் போனவர்களுக்கு அம்மன் நற்கதி தரட்டும். முகாமில் இருப்பவர்களுக்குச் சரியாத நிலத்தில் ஒரு வீடு கிடைக்கட்டும். கோணேசருக்கும் அம்மா ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாராம், வேனில் திரும்பும்போதுதான் சொன்னார். குழந்தைக்கு அங்கேதான் முடியிறக்க வேண்டும்.