காற்றுக்குக் காத்திருக்கும் நாட்கள்

நவம்பர் 12, 2023
தீபாவளி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் தெரு முழுக்கப் பலகாரத் தட்டுகள் போய்வந்தன. கப்பலில் வேலை செய்யும் அண்ணன் மட்டும் கடலில்.

நவம்பர் 14
காற்று பலமாம். துறைமுகத்தில் கிரேன் ஓடவில்லையாம். அண்ணன் கப்பல் வெளியே காத்து நிற்கிறது.

நவம்பர் 17
ப்ளஃப் மேட்டில் நின்று பார்த்தேன். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே வரிசையாகக் கப்பல்கள். அண்ணன் இருக்கும் கப்பல் எதுவென்று பிடிபடவில்லை.

ராத்திரி லோட் ஷெடிங், மின்வெட்டு. இருட்டில் 'பவர்ஸ்லேவ்' முழுக்கக் கேட்டேன். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழு, 1984. அண்ணன் கேசட் தேயத் தேயப் போட்ட ஆல்பம். முதல் பாட்டு 'ஏசஸ் ஹை' எடுத்த எடுப்பிலேயே பறக்கும். மர்ரியும் ஸ்மித்தும் இரண்டு கிட்டாரில் ஒரே மெட்டைக் கைகோத்து வாசிப்பார்கள். ஆனால் இன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது கடைசிப் பாட்டுதான்: 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்', 13 நிமிடத்துக்கு மேல். ஒரு கிழ மாலுமி சொல்லும் கதை. 1798-இல் வெளியான, ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜின் கவிதையை, குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் பாட்டாக்கினார். காற்று நின்று கப்பல் அசையாமல் கிடக்கும் இடம் வந்ததும், கோல்ரிட்ஜின் வரிகளையே எடுத்துப் பாடுகிறார் பாடகர் டிக்கின்சன். அப்புறம் அந்த ஓட்டமெல்லாம் அடங்கிவிடுகிறது. மரப்பலகை முனகுகிறது, பேஸ் மெல்ல நடக்கிறது, அடிக்குரலில் யாரோ கவிதை சொல்கிறார். அவ்வளவு வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நிமிடக்கணக்கில் இப்படி நிற்கத் துணிந்தார்களே! மெட்டல் என்றால் வெறும் இரைச்சல் என்பவர்களை இந்த இடத்தில் உட்கார வைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி டிக்கின்சன் ஓங்கிக் குரலெடுக்கும்போது எனக்கு மூச்சே திரும்பி வருகிறது.

நவம்பர் 18
சூரசம்ஹாரம். அம்மா கோயிலிலிருந்து வந்ததும் கேட்டது, "கப்பல் நகர்ந்துச்சா?"

நவம்பர் 21
60-க்கும் மேற்பட்ட கப்பல்கள் நிற்கின்றன என்று செய்தி. சாமான் வரவில்லை என்று கடைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமாக வருகிறது.

நவம்பர் 23
அண்ணன் பேசினான். அந்தப் பாட்டை அங்கே கேட்பாயா என்றேன்.

"கடல்ல அத போடமாட்டேன்டா. கரையில மட்டும்தான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பாட்டில் அந்தக் கப்பலில் ஒருவன்தான் மிஞ்சுகிறான். இத்தனை வருஷமாக நான் அதில் கிட்டாரைத்தான் கேட்டிருக்கிறேன். அண்ணன் ஆட்களை எண்ணியிருக்கிறான்.

நவம்பர் 24
தூக்கமில்லை. அம்மாவுக்கும்தான்.

நவம்பர் 25
நங்கூரம் எடுக்கிறார்களாம். காரை எடுக்கிறேன்.