ஐந்தடியா ஆறடியா: டிராக்டருக்கு ரோட்டரி கட்டர் எடுக்கும் முன்

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டும் ரோட்டரி கட்டர் வாங்கப் போகிறேன், எத்தனை அடி எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் டிராக்டரின் பி.டி.ஓ. ஹெச்.பி., அதாவது பின்னால் கருவியைச் சுற்றும் தண்டுக்குக் கிடைக்கும் சக்தி, எவ்வளவு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இன்ஜின் ஹெச்.பி.யைத்தான் சொல்வார்கள். கியர், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்டது போக, அந்தத் தண்டுக்கு வந்து சேர்வது அதைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவு. கட்டரைச் சுற்றுவது அந்த மிச்சம்தான்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓர் அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. ஹெச்.பி. நான்கடிக்கு 20, ஐந்தடிக்கு 25, ஆறடிக்கு 30. இதை நான் குறைந்தபட்ச அளவாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் என்னிடம் இருந்தது 35 ஹெச்.பி. டிராக்டர், பி.டி.ஓ.வில் கிட்டத்தட்ட 30, கணக்கு சரியாக வருகிறதே என்று ஆறடி எடுத்துவிட்டேன். முழங்கால் உயரப் புல்லில் அழகாக ஓடியது. ஓராண்டு சும்மா கிடந்த நிலத்தில், இடுப்பளவு புல்லும் இடையிடையே முற்றிய செடியுமாக இருந்த இடத்தில் இறக்கியதும் இன்ஜின் சத்தம் கம்மி, புகை கறுத்து, பத்து அடி போவதற்குள் நிற்கப் பார்த்தது.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். கட்டரின் பிளேடுகள் இறுக்கிப் பூட்டப்பட்டவை அல்ல, ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டு, சுற்றும் வேகத்தில்தான் வெளியே விரிந்து நிற்கும். கூர்மையும் அரிவாள் மாதிரி இருக்காது, வேகத்தால்தான் அடித்து வெட்டும். ஐந்தடி கட்டர் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர். பி.டி.ஓ. தண்டு தனக்குரிய நிமிடத்துக்கு 540 சுற்றிலிருந்து இறங்கினால் இந்த வேகமும் இறங்கிவிடும், பிளேடு பின்னுக்கு மடங்கும், புல் வெட்டுப்படாமல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். திரும்பிப் பார்த்தால் வெட்டியது போலத் தெரியும், மறுநாள் காலையில் பாதி எழுந்து நிற்கும். கடைசியில் ஆறடி கட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாலிலும் நான்கடி மட்டும் பிடித்து ஓட்டினேன். அதற்கு நல்ல கனமான ஐந்தடியே எடுத்திருக்கலாம், அப்புறம் அப்படித்தான் மாற்றினேன். வேலை முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது.

அதற்காகச் சிறியதாக எடுத்துவிடவும் கூடாது. பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். கட்டர் அதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சில அங்குலம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் டயர் மிதித்துப் படுக்கவைத்த புல் கட்டருக்கு வெளியே அப்படியே கிடக்கும், வேலி ஓரத்தில் கட்டர் எட்டுவதற்கு முன் டயர் போய் இடிக்கும். அகலத்துக்குச் சக்தி போதாத டிராக்டர் என்றால், சில மாடல்களில் ரிம்மைத் திருப்பிப் போட்டுச் சக்கர இடைவெளியைக் குறைக்கலாம். ஆனால் சரிவான நிலத்தில் வேலை செய்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கவிழும் ஆபத்து கூடிவிடும்.

எடையைப் பலர் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். கனமான ஆறடி கட்டர் 400 கிலோவைத் தாண்டியும் வரும். லிஃப்ட் அதைவிட எத்தனையோ மடங்கு தூக்கும் என்று காகிதத்தில் போட்டிருக்கும், அது பெரும்பாலும் கருவியை மாட்டும் கீழ்க் கைகளான லிங்க்குகளின் நுனியில் அளந்த கணக்கு. கட்டரின் பாரமோ அங்கிருந்து இன்னும் இரண்டு மூன்று அடி பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது வால் சக்கரம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், வரப்பு முனையில் திருப்புவதற்காகத் தூக்கியதும் மொத்தமும் டிராக்டரின் முதுகில். அப்போது ஸ்டியரிங் இலகுவாகி, முன்சக்கரம் திரும்பியும் வண்டி திரும்பாமல் நேரே போனால் முன்னால் வெயிட் போதவில்லை என்று அர்த்தம். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும்.

அடியை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. ஒரே ஐந்தடியில் ஓர் அங்குலத் தண்டு வரை வெட்டுவதும் உண்டு, மூன்று அங்குலம் வரை வெட்டுவதும் உண்டு. புல் மட்டும்தான் என்றால் முதலாவது போதும். புதர் மண்டிய நிலமென்றால் கட்டரின் கியர் பாக்ஸ் எத்தனை ஹெச்.பி. தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷியர் போல்ட் வைத்த கட்டரில், அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். உடைவதுதான் அதன் வேலை, அது உடையாவிட்டால் கியர் பாக்ஸ் உடையும்.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பி.டி.ஓ.வும் சக்கரமும் ஒரே கிளட்ச்சில் ஓடும் வண்டி என்றால், கிளட்ச்சை மிதித்தாலும் கட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சி இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னால் தள்ளும். கட்டர் பெரிதாக ஆக இந்தத் தள்ளலும் பெரிதாகும். வேலிக்குப் பக்கத்தில் இது எனக்கு நடந்திருக்கிறது, கிளட்ச்சும் பிரேக்கும் மிதித்த பிறகும் வண்டி இன்னும் சில அடி போய்த்தான் நின்றது. இதற்கென்றே பி.டி.ஓ. தண்டில் மாட்டும் ஓவர்ரன்னிங் கிளட்ச் கிடைக்கிறது, ஒரு பக்கம் மட்டும் சக்தியைக் கடத்தும், திரும்ப வருவதை விட்டுவிடும். அதை மாட்டினால் சில அங்குலம் நீளம் கூடும், ஆகவே ஷாஃப்டையும் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். கட்டரை மெதுவாகத் தூக்கி இறக்கி, ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு குழாயும் மிக நெருங்கி வரும் நிலையிலும் உள்ளே முட்டாமல் சிறிது இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சுற்றவிடுங்கள்.