முதலில் தண்ணீர், அப்புறம்தான் சுரண்டி: புறாக் கூண்டு கழுவும் முறை

மாடிக் கூண்டைக் கழுவப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது துடைப்பம். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காய்ந்த புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சை நன்றாக வளரும்; மூச்சில் போனால் மனிதருக்கு நோய் தரும். புறாவின் உடற்சூடு 41, 42 டிகிரி செல்சியஸ், அந்தச் சூட்டில் பூஞ்சை சரியாக வளராது என்பதால் அதற்கு இந்த நோய் வருவது அபூர்வம். அதனால் 'புறா நல்லாத்தானே இருக்கு' என்பது கணக்கில் வராது. இன்று விழுந்த எச்சத்தைவிட, பலகை இடுக்கில் மாதக்கணக்கில் காய்ந்து பொடியானதுதான் வம்பு. பெருக்கினால் அது நுரையீரலின் அடிவரை போகிற நுண்தூசியாகக் கிளம்பும்.

நாங்கள் புறாக்களையும் தீவனத் தட்டுகளையும் முதலில் வெளியேற்றிவிடுவோம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, என்95 மாஸ்க் மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் இதற்கு உதவாது. தாடி இருந்தால் என்95-உம் ஓரத்தில் கசியும்.

5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். வெறும் தண்ணீர் எச்சத்தின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், உள்ளே காய்ந்தபடியே கிடக்கும். செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் தூறலாக அடிக்க வேண்டும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் அதுவே தூசியைக் கிளப்பும். 20 நிமிடம் கழித்து ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். களிமண் மாதிரி சுருண்டு வந்தால் சரி. வெள்ளைப் பொடி உதிர்ந்தால் மறுபடி தெளிக்கணும். சுரண்டியதை இரட்டைப் பையில் கட்டிவிடலாம்.

பிளீச் கடைசியில்தான்: 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர், 10 நிமிடம், பிறகு கழுவல். எச்சத்தின் மேலேயே ஊற்றினால் அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். போதாததற்கு, எச்சத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணும் தொண்டையும் எரிகிற குளோரமைன் வாயு வரும். பலகை நன்றாகக் காயாமல் புறாவை உள்ளே விடாதீர்கள். ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் பிடிக்கும். அது புறாவின் நுரையீரலையும் விடாது.

எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்கணும்.

கழுவிய 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அது பெரும்பாலும் பறவைத் தூசி ஒவ்வாமை; பூஞ்சை மருந்து அதற்கு வேலை செய்யாது. வாரக்கணக்கில் விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி என்றால் கதை வேறு: அந்தக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை வரை போயிருக்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் புறா வளர்ப்பதைச் சொல்லி, அந்தப் பூஞ்சையின் தடயத்தைத் தேடும் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.