பெயர் கேட்பதற்கு முன் உணவு

கிரேக்க, ரோமானியத் தொன்மங்களைப் படிக்கத் தொடங்கும் எவரையும் முதலில் திகைக்க வைப்பது அவற்றில் வரும் தேவர்களின் நடத்தைதான். பொய், களவு, பொறாமை, பிறன்மனை விழைதல் என மனிதருக்கு ஆகாதவை அனைத்தையும் அவர்கள் செய்கிறார்கள். இக்கதைகளில் அறம் எங்கே இருக்கிறது என்று நானும் நெடுநாள் தேடினேன். எனக்கு அது அகப்பட்ட இடம் வீட்டு வாசல்.

கிரேக்கர் விருந்தோம்பலை 'செனியா' என்றனர். அதற்குக் காவலாகத் தேவர்களின் அரசரான ஜீயஸே நிற்பதாக நம்பி, அவரை 'ஜீயஸ் செனியோஸ்' என்றும் வணங்கினர். ஹோமரின் ஒடிசி காவியத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: வந்தவருக்கு முதலில் உணவு, பிறகுதான் பெயரும் ஊரும். பைலோஸ் அரசர் நெஸ்டர், காவிய நாயகன் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் உண்டு முடித்த பின்னரே அவன் யார் என்று வினவுகிறார். பன்றி மேய்க்கும் அடிமையான யூமேயஸ், டிராய் போருக்குச் சென்று இருபது ஆண்டுகளுக்குப் பின் இரவலன் கோலத்தில் திரும்பிய தன் எசமான் ஒடிசியஸை அடையாளம் தெரியாமலேயே குடிசைக்குள் அழைத்து, அந்நியரும் இரவலரும் ஜீயஸிடமிருந்து வருபவர்கள் என்று சொல்லி உணவிடுகிறான். அதே இரவலன் மீது, ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து அரண்மனையில் உண்டு கொழுத்த 108 பேரில் ஒருவனான ஆன்டினஸ், கால்மணையைத் தூக்கி எறிகிறான். பின்னர் ஒடிசியஸின் முதல் அம்பு அவன் தொண்டையில்தான் பாய்கிறது.

ஆயினும் என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது, ரோமானியக் கவிஞர் ஓவிட் 'உருமாற்றங்கள்' காவியத்தின் 8ஆம் நூலில் சொல்லும் பாசிஸ், ஃபிலெமோன் என்ற முதிய தம்பதியரிடம். மனித உருவில் ஃபிரிஜியா நாட்டுக்கு வந்த ஜூபிடருக்கும் (ஜீயஸின் ரோமானியப் பெயர்) தேவதூதர் மெர்க்குரிக்கும் ஆயிரம் வீடுகள் கதவடைத்தன. நாணல் வேய்ந்த ஒரு குடிசை மட்டும் திறந்தது. சாம்பலைக் கிளறி, தன் முதிய மூச்சால் ஊதி ஊதி நெருப்பை மூட்டுகிறாள் பாசிஸ். புகையேறிய உத்தரத்தில் நெடுநாளாகத் தொங்கிய இறைச்சியிலிருந்து ஒரு சிறு துண்டை அறுக்கிறான் ஃபிலெமோன். மேசையின் ஒரு கால் குட்டையாக இருப்பதால் அவள் அதன் கீழ் ஓட்டுச்சில்லு ஒன்றைச் செருகி மட்டமாக்கி, பிறகு பச்சைப் புதினாவால் பலகையைத் துடைக்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்த ஓட்டுச்சில்லில் நான் நின்றுவிடுகிறேன், ஏனெனில் வந்தவர்கள் தேவர்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தெரிந்த பின், வீட்டில் இருந்த ஒரே வாத்தையும் அறுக்க இருவரும் துரத்தி ஓடிக் களைக்கிறார்கள், தேவர்கள் தடுத்துவிடுகிறார்கள். அடுத்து அவர்களை மலைமேல் ஏறச் சொல்லி, ஊர் முழுவதையும் நீரில் மூழ்கடிக்கிறார்கள். இந்தத் தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. கதவடைத்ததற்கு ஓர் ஊரே அழிய வேண்டுமா? ஓவிடும் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எஞ்சி நிற்கும் குடிசை தூண்களும் பொற்கூரையும் பளிங்குத் தரையுமாகக் கோயிலாக மாறும்போது, அந்த இருவரும் தங்கள் அயலாரின் கதியை எண்ணி அழுதுகொண்டிருக்கிறார்கள்.