முதல் ஆள் நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்: அயர்ன்மேனில் வயதும் பாலினமும்

அயர்ன்மேன் என்பது நீச்சல், சைக்கிள், மாரத்தான் ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. அதன் முடிவுப் பட்டியலில் வயது ஏற ஏற ஆண்-பெண் நேர இடைவெளி விரிவது போலத் தெரியும். உடனே, பெண்களின் உடல்தான் சீக்கிரம் தளர்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு பங்கு உடலால் வருவதே இல்லை. களத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதால் வருவது.

முதலில், பங்கேற்பின் குழப்பம் குறைவாக உள்ள மேல்மட்டம். 2024-ல் ஜெர்மனியின் ராத் நகரில் அதே தூரத்துக்கு நடந்த போட்டியில் ஒரே நாளில், ஒரே பாதையில் மக்னுஸ் டிட்லெவ் 7:23:24-லும் ஆன் ஹவுக் 8:02:38-லும் முடித்தார்கள். வித்தியாசம் 9 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஹவாயில் 1981 முதல் 2007 வரையிலான முன்னணி வீரர்களை எடுத்துப் பார்த்த ஆய்வில் இந்த வித்தியாசம் மொத்த நேரத்தில் 12.6 சதவீதம், நீச்சலில் 9.8, சைக்கிளில் 12.7, ஓட்டத்தில் 13.3. நீச்சலில் குறைவாக இருக்க ஒரு காரணம், பெண்களின் உடலில் உள்ள கூடுதல் கொழுப்பு அவர்களைத் தண்ணீரில் மிதக்க வைப்பது. வெட்சூட் எனும் ரப்பர் நீச்சலுடை எல்லோரையுமே மிதக்க வைப்பதால் இந்தச் சாதகம் சுருங்கும். அதனால் வெட்சூட் அனுமதித்த போட்டியையும் அனுமதிக்காத போட்டியையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

இனி பங்கேற்பு. 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கிய 15 பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டு லின் லெமேர் முதல் பெண்ணாக இறங்கி, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஓடவே 1984 ஆகிவிட்டது. இன்று 75 வயதுள்ள ஒரு பெண் அப்போது முப்பதைத் தாண்டியிருந்தார். உச்ச வயதில் அவருக்கு வாசல் அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் 70+ பெண்கள் பிரிவில் சில போட்டிகளில் ஓரிருவரே நிற்கிறார்கள். 200 பேரில் முதல் ஆளையும் 3 பேரில் முதல் ஆளையும் ஒப்பிட்டால், திறமை சமமாக இருந்தாலும் பெரிய கூட்டத்தின் முதல் ஆள்தான் பெரும்பாலும் முந்துவார். அது வெறும் கணக்கு.

சரியாக ஒப்பிட, ஒரே பாதையின் பல ஆண்டு முடிவுகளைச் சேர்த்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் 10 சதவீதத்தினரின் சராசரியை எடுங்கள். வித்தியாசத்தை நிமிடத்தில் அல்லாமல் சதவீதத்தில் எழுதுங்கள். பாதியில் விலகியவர்களையும் நேர வரம்பில் தவறியவர்களையும் எண்ணாமல் விடாதீர்கள். முடித்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வயதின் சரிவு இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும். இந்த முறையிலும் ஓட்டை உண்டு. சிறிய பிரிவில் தீவிரப் பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே வந்திருந்தால் கணக்கு அவர்கள் பக்கம் சாயும். பத்துப் பேருக்கும் குறைவான பிரிவை வைத்து எந்த முடிவுக்கும் வராமல் இருப்பதே நேர்மை.

வயதின் சரிவு மூன்று பகுதிகளிலும் ஒரே மாதிரி இல்லை. சைக்கிளில் அது மெதுவாகத் தெரியும். சமதரையில் காற்றைக் கிழிக்கத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. ஆகவே 20 சதவீத ஆற்றல் போனாலும் வேகத்தில் 7 சதவீதம்தான் போகும். ஓட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே வேகம் கிட்டத்தட்ட ஆற்றலோடு சேர்ந்தே இறங்கும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைத் தாங்கும் வேலை வேறு. வயது கூடியவர்கள் வாரத்தில் ஒரு தீவிர இடைவெளிப் பயிற்சியையும் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறிச் செய்வது) இரண்டு எடைப் பயிற்சிகளையும் கைவிடக்கூடாது. வேகம் தரும் தசை இழைகள்தான் முதலில் கரைகின்றன. குறைக்க வேண்டியிருந்தால் நீண்ட ஓட்டத்தின் தூரத்தைக் குறையுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்திக்காகவும் எடைப் பயிற்சி வேண்டும், சைக்கிளும் நீச்சலும் எலும்புக்குப் போதிய சுமை தருவதில்லை.

மூத்தவர்களுக்கு உண்மையான எதிரி 17 மணி நேர வரம்பு. 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கு 2 மணி, 180 கிலோமீட்டர் சைக்கிளுக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை மணி, இரண்டு உடைமாற்றத்துக்கும் சேர்த்து அரை மணி என்று வைத்தால் மாரத்தானுக்கு 7 மணி மிஞ்சும். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. விறுவிறு நடையும் மெல்லோட்டமும் கலந்தால் போதும். 2018-ல் ஹிரோமு இனாடா 85 வயதில் 16:53:49-க்கும், 2025-ல் நேட்டலி கிராபோ 80 வயதில் 16:45:26-க்கும் ஹவாயில் முடித்தார்கள். இருவருக்கும் மிச்சமிருந்தது சில நிமிடங்களே.

இப்படி நீண்ட நேரம் களத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக எடை குறைந்த பெண்களுக்கு, ஒரு தனி ஆபத்து உண்டு. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுதல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அந்த அளவைப் போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.